நெடிக்கு எல்லை எங்கே?

கண்ணைக் கரிக்கும், தொண்டையைக் கமறவைக்கும் வாயுக்களுக்குத் தொழிற்சாலைக்குள் எவ்வளவு இடம் தரலாம்? இந்தியா 1987ல் எழுதிய எண்களோடு நின்றுவிட்டது. இப்போது அவற்றைத் திருத்தும் பேனா மாநிலங்களின் கைக்கு வந்திருக்கிறது.

சித்தூரிலிருந்து சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்குப் போகும் பாதையில் வருகிறது பூதலப்பட்டு மண்டலம். அங்கே பண்டபள்ளியில் உள்ள ஹட்சன் பால் ஆலையில் 2020 ஆகஸ்ட் 20 மாலை அமோனியா கசிந்தது. கண் எரிந்து, மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் குறைந்தது 14 பேர். பெரும்பாலோர் பெண்கள். விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்து 12 உயிர்களைக் குடித்து நான்கு மாதம்கூட ஆகாத நேரம் அது. அதிகாரிகள் விரைந்தார்கள், விசாரணைக்கு உத்தரவு பறந்தது. சில நாட்களில் செய்தி மறைந்துபோனது.

2024 ஜூலையில் அதே வாயு, வேறு ஊர். தூத்துக்குடி மாவட்டம் புதூர்பாண்டியாபுரத்தில் மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் அமோனியா பரவி சுமார் 30 பெண் தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டார்கள்.

கசிவுதான் செய்தியாகிறது. கசிவு இல்லாத மற்ற நாட்களில் அந்த ஆலைகளின் காற்றில் என்ன இருக்கிறது என்பது செய்தியாவதில்லை. வால்வின் கழுத்தில் மெல்லக் கசிவது, கம்ப்ரஸரிலிருந்து எண்ணெயை வடிக்கும்போது வெளியேறுவது, தொட்டி கழுவும் அறையில் குளோரின் கிளப்புவது - இவை தினசரி விவகாரங்கள். கண் கரித்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். இந்த அன்றாட எரிச்சலுக்கு ஒரு வரம்பு உண்டா? உண்டென்றால் அந்த எண்ணை யார், எதை வைத்து முடிவு செய்தார்கள்?

வரம்பு உண்டு. தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை அமோனியாவுக்கு எட்டு மணி நேரச் சராசரியாக 25 பி.பி.எம்., 15 நிமிடத்துக்கு 35 பி.பி.எம். என்று விதித்தது. ஒரு பி.பி.எம். என்பது பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு வாயு. போபாலில் 1984 டிசம்பரில் நடந்த பேரழிவுக்குப் பிறகு 1987ல் திருத்தப்பட்ட சட்டத்தில் சேர்ந்த அட்டவணை இது. அந்த இரவில்கூட யூனியன் கார்பைடு ஆலையின் தொழிலாளர்களுக்குக் கிடைத்த முதல் எச்சரிக்கை கண் எரிச்சல்தான். எரிகிறது என்று சொன்னார்கள். தேநீருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

மணம் வேறு, நெடி வேறு

தமிழில் மணம், நாற்றம், நெடி என்று தனித்தனிச் சொற்கள் இருப்பதற்குக் காரணம் உண்டு. மல்லிகையின் மணமும் சாக்கடையின் நாற்றமும் மூக்கின் உச்சியில் உள்ள முகர்வு நரம்பு வழியாக மூளைக்குப் போகின்றன. காய்ந்த மிளகாயை வறுக்கும்போது வீடே இருமுகிறதே, அந்த நெடி போகும் பாதை வேறு. முகத்தின் வலியையும் சூட்டையும் உணரும் முப்பெரு நரம்பு என்ற நரம்பின் நுனிகள் கண்ணிலும் மூக்கிலும் பரவியிருக்கின்றன. நெடி அவற்றைத் தொடுகிறது. உடனே கண்ணீர், தும்மல், மூச்சுப் பிடிப்பு. தொண்டையிலும் காற்றுக் குழாயிலும் இதே வேலையை வேறு நரம்புகள் செய்கின்றன. உடம்பு கதவைச் சாத்தப் பார்க்கிறது.

மிளகாயின் காரப்பொருள் ஒட்டிக்கொள்ளும் ஏற்பியை 1997ல் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் ஜூலியஸின் குழு கண்டுபிடித்தது. அவருக்கும் ஆர்டம் படபூட்டியனுக்கும் 2021ல் நோபல் பரிசு கிடைத்தது. கடுகின் காட்டத்தை உணரும் இன்னொரு ஏற்பியைத்தான் ஃபார்மால்டிஹைடும் அக்ரோலீனும் தட்டி எழுப்புகின்றன. ஆக, நெடி என்பது மனப்பிரமை கிடையாது. நரம்பில் நடக்கும், அளக்கக்கூடிய நிகழ்ச்சி அது. மணத்தையும் நெடியையும் பிரித்தறிய ஆய்வுக்கூடங்களில் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் வாயுவைச் செலுத்தி, எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். வெறும் மணம் என்றால் பதில் சொல்ல முடியாது. எரிச்சல் என்றால் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

அமோனியா நீரில் எளிதில் கரைவது. அதனால் ஈரமுள்ள முதல் இடங்களான கண்ணையும் மூக்கையும் தொண்டையையும் தாக்குகிறது. காட்டிக்கொடுக்கும் வாயு என்பதால் அது ஒருவகையில் நல்ல எதிரி. நைட்ரஜன் டையாக்சைடு, ஃபாஸ்ஜீன் போன்றவை அவ்வளவாகக் கரையாதவை. மூக்கை அதிகம் உறுத்தாமல் நுரையீரலின் ஆழத்துக்குப் போய், பல மணி நேரம் கழித்து நீர் கோக்க வைக்கின்றன.

நல்ல எதிரியிடமும் ஒரு சூது உண்டு. மூக்கு பழகிவிடும். ஐஸ் ஃபேக்டரிக்குள் புதிதாக நுழைபவர் வாசலிலேயே முகத்தைச் சுளிப்பார். அங்கே பத்து வருஷம் வேலை பார்த்தவருக்கு ஒன்றும் தெரியாது. காற்றில் வாயு அதேதான், புகார்தான் குறைகிறது. பழைய ஆட்கள் கசிவைத் தேட மூக்கை நம்பாமல் கந்தகத் திரியைக் கொளுத்திக் குழாயோரம் காட்டியதற்கு இதுதான் காரணம். கந்தகப் புகை அமோனியாவைச் சந்தித்தால் வெண்புகை எழும்.

எண் பிறக்கும் கதை

வரம்புகளின் தாய்வீடு அமெரிக்கா. 1938ல் தொடங்கிய அரசுத் தொழில் சுகாதார நிபுணர்கள் மாநாடு என்ற அமைப்பு 1946ல் முதல் பட்டியலை வெளியிட்டது. பெயரில்தான் அரசு, அது அரசு அமைப்பு அல்ல, நிபுணர்களின் சங்கம். உலகின் பல நாடுகள் அதன் எண்களைச் சட்டமாக்கிக்கொண்டன. அவற்றில் இந்தியாவும் ஒன்று. 1987ல் இந்திய அட்டவணையில் ஏறிய எண்கள் பெரும்பாலும் அன்றைய அமெரிக்கப் பட்டியலின் எண்களே.

அந்தப் பட்டியல் எவ்வளவு நம்பகமானது? இந்தியா அதை ஏற்ற மறு வருஷமே, 1988ல், கேஸ்டில்மன், சீம் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு குண்டைப் போட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ரசாயனங்களின் வரம்புகள், அவற்றைத் தயாரிக்கும் கம்பெனிகள் தந்த, வெளியிடப்படாத தகவல்களை நம்பியே எழுதப்பட்டிருந்தன என்று காட்டினார்கள். 1990ல் ரோச், ராப்பபோர்ட் என்ற இருவர் இன்னொரு உண்மையைச் சொன்னார்கள். எந்த அளவில் தீங்கு நிற்கிறதோ அங்கே கோடு போடப்படவில்லை. அன்றைய ஆலைகளில் காற்று எப்படி இருந்ததோ அதை ஒட்டியே கோடு போடப்பட்டிருந்தது என்பது அவர்கள் முடிவு.

கண்ணைக் கரிக்கும் வாயுக்களில் சிக்கல் இன்னும் அதிகம். ஈயம் என்றால் ரத்தத்தில் அளக்கலாம். எரிச்சலை எப்படி அளப்பது? கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், சொல்பவரின் மனநிலையும் சேர்ந்து வரும். ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு நிலையத்தில் பமேலா டால்டன் குழு 1997ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பட்டவர்த்தனமாக்கியது. ஒரே அளவு அசிட்டோனைப் பல பேருக்கு முகரக் கொடுத்தார்கள். சிலரிடம் இது இயற்கையான சாறு என்றார்கள், சிலரிடம் ஆலையில் பயன்படும் கரைப்பான் என்றார்கள். கரைப்பான் என்று கேட்டவர்களுக்கே எரிச்சலும் உபாதையும் அதிகம்.

நிர்வாகங்களுக்குப் பிடித்த ஆய்வு இது. எல்லாம் மனசு என்று சொல்லிவிடலாம். ஆனால் அது ஓரளவுக்கே நிஜம். வாய் சொல்வதை மாற்றலாம். கண் இமைப்பதை மாற்றுவது கடினம். எனவே விஞ்ஞானிகள் வாயைவிட்டு உடம்பைக் கேட்கத் தொடங்கினார்கள்.

முதலில் கேட்கப்பட்டது எலி. நெடி மூக்கைத் தாக்கினால் சுண்டெலியின் மூச்சு வேகம் குறைகிறது என்பதை வைத்து ஈவ் அலரி என்ற ஆய்வாளர் 1966ல் ஒரு முறையை வகுத்தார். மூச்சு வேகத்தைப் பாதியாக்கும் அளவு எது என்று ஒவ்வொரு வாயுவுக்கும் கண்டார்கள். ஃபார்மால்டிஹைடுக்கு சுமார் 3 பி.பி.எம்., குளோரினுக்கு 9, அமோனியாவுக்கு 300. அந்த அளவு மனிதனால் தாங்க முடியாதது. அதில் பத்தில் ஒரு பங்கு எரிச்சல் தரும், ஆனால் பொறுக்கலாம். நூறில் ஒரு பங்கில் அனேகமாக ஒன்றும் தெரியாது. இரண்டுக்கும் நடுவே நூறில் மூன்று பங்கு என்று வைத்துக்கொண்டால் தொழிலாளிக்கான வரம்பு கிடைத்துவிடும் என்றது அலரியின் கணக்கு. அதன்படி ஃபார்மால்டிஹைடுக்கு 0.09, குளோரினுக்கு 0.3, அமோனியாவுக்கு 9. இந்திய அட்டவணையில் இவை முறையே 1, 1, 25.

எலிக் கணக்கில் ஓட்டை உண்டு. எலி மூக்கால் மட்டுமே சுவாசிக்கும் பிராணி. அதற்குக் கண் எரிகிறதா என்று இந்தச் சோதனை கேட்பதில்லை. எனவே அடுத்து மனிதர்களே கண்ணாடி அறைக்குள் போனார்கள். ஜெர்மனியின் ஹைடல்பர்க் பல்கலைக்கழகக் குழு 2008ல் வெளியிட்ட ஆய்வில் 21 தன்னார்வலர்கள் பத்து நாட்கள், தினம் நான்கு மணி நேரம், பல அளவுகளில் ஃபார்மால்டிஹைடைச் சுவாசித்தார்கள். இமைக்கும் வேகம், கண் சிவப்பு, மூக்கடைப்பு எல்லாம் அளக்கப்பட்டன. முதலில் காட்டிக்கொடுத்தது கண். 0.5 பி.பி.எம். காற்றில் அவ்வப்போது 1 பி.பி.எம். வரை உச்சம் போனபோது கண்ணில் மாற்றம் தெரிந்தது. 0.3ல் வைத்து உச்சம் 0.6க்கு மேல் போகாதபோது தெரியவில்லை.

ஐரோப்பிய யூனியன் 2019ல் சட்டமாக்கியது அந்த இரண்டு எண்களைத்தான்: சராசரி 0.3, 15 நிமிடத்துக்கு 0.6. ஹைடல்பர்க்கில் கண் இமைக்கத் தொடங்கிய அந்த 1 பி.பி.எம்.மை இந்திய அட்டவணை நாள் முழுக்க அனுமதித்தது. 15 நிமிடம் என்றால் 2. இந்தியாவின் மருத்துவக் கல்லூரி உடற்கூறு அறைகளில் ஃபார்மலின் நெடியில் கண் கலங்கியபடி நிற்கும் மாணவர்களைக் கேட்டால் தெரியும். இத்தனைக்கும் அது வெறும் எரிச்சல் வாயு இல்லை. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது.

சராசரி என்ற திரை

எண்ணைப் போலவே முக்கியம், அது எந்த நேரத்துக்கான எண் என்பது. ஈயம் போன்ற விஷம் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். அதற்கு எட்டு மணி நேரச் சராசரி பொருந்தும். நெடிக்கு அது பொருந்தாது. கண் ஷிஃப்ட் முடியும்வரை கணக்குப் போட்டுவிட்டு எரிவதில்லை. பட்டவுடன் எரிகிறது.

ஒரு குளிரூட்டும் ஆலையின் எஞ்சின் அறையை எடுத்துக்கொள்வோம். ஏழு மணி நேரம் காற்றில் 10 பி.பி.எம். அமோனியா. எண்ணெய் வடிக்கும் ஒரு மணி நேரம் மட்டும் 100. சராசரி 21 சொச்சம், வரம்பான 25க்குள். ஆவணத்தில் எல்லாம் சுபம். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் தொழிலாளி அனுபவித்தது 15 நிமிட வரம்பைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நாள் முழுவதற்கும் ஒரே மாதிரி எடுத்து அளந்தால் அந்த உச்சம் பதிவேட்டில் தோன்றவே தோன்றாது.

இந்திய அட்டவணை இதை அறியாததல்ல. 15 நிமிட வரம்பை ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் தொடக்கூடாது, இரண்டு தடவைக்கு நடுவே ஒரு மணி நேர இடைவெளி வேண்டும் என்று அடிக்குறிப்பில் சொன்னது. ஹைட்ரஜன் குளோரைடுக்கு ஒரு நொடிகூடத் தாண்டக்கூடாத உச்சவரம்பாக 5 பி.பி.எம். வைத்தது. எழுத்தில் குறை இல்லை. அந்த 15 நிமிடத்தில் அளப்பதற்கு அங்கே யார் இருந்தார்கள் என்பதே கேள்வி.

அமோனியாவைப் பொறுத்தவரை இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதன் 25, 35 என்ற எண்களையே அமெரிக்கப் பட்டியல் இன்றும் வைத்திருக்கிறது. ஐரோப்பாவில் 20, 50. எலிக் கணக்கு இன்னும் குறைக்கச் சொன்னாலும், பண்டபள்ளியும் புதூர்பாண்டியாபுரமும் எண்ணின் கோளாறால் நடந்தவை என்று சொல்ல முடியாது. ஆனால் காற்றைத் தொடர்ந்து அளக்கும் ஆலையில் கருவி 10லிருந்து 20க்கு ஏறுவதைக் காட்டும். பழகிய மூக்கு காட்டாது. மெல்ல வளரும் கசிவு பெருங்கசிவாகும் முன் பிடிபட இந்த வரம்பு ஒரு பொறி. அளக்காத வரம்பு வெறும் காகிதம்.

வாசலுக்கு உள்ளே, வெளியே

2023 டிசம்பர் 26 இரவு சென்னை எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். ஆலை வாசலில் ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்ததாகவும், இருக்க வேண்டியது 400க்குள் என்றும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது.

அந்த 2,090 என்பது சுமார் 3 பி.பி.எம். வாசலுக்கு வெளியே அது அனுமதித்ததைப்போல் ஐந்து மடங்கு. வாசலுக்கு உள்ளே தொழிலாளிக்கு அனுமதித்ததில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவு. தொழிலாளிக்கான 25 பி.பி.எம்.மை அதே அளவுகோலில் சொன்னால் 18,000 மைக்ரோகிராம். தெருவில் நிற்பவருக்கான எண்ணைப்போல் 45 மடங்கு.

இதற்கு நியாயம் சொல்கிறார்கள். தெருவில் குழந்தை, முதியவர், ஆஸ்துமா நோயாளி எல்லோரும் உண்டு. 24 மணி நேரமும் சுவாசிக்கிறார்கள். ஆலையில் இருப்பவர் ஆரோக்கியமான வயதுவந்தவர். எட்டு மணி நேரம்தான். வாதத்தில் சத்து இருக்கிறது. ஆனால் பால் பாக்கெட் அடுக்கும் பெண்களில், மீன் உரிக்கும் பெண்களில் ஆஸ்துமா உள்ளவர் இல்லையா? கர்ப்பிணி இல்லையா? அந்தப் பெண்களில் பலர் எஞ்சின் அறைக்குள் கால் வைத்தே இருக்க மாட்டார்கள். கம்ப்ரஸர் பக்கத்தில் நிற்பவருக்கு முகமூடி எங்கே என்று தெரியும். பேக்கிங் ஹாலில் இருப்பவருக்குத் தெரியுமா?

உறைந்த எண்கள்

எண்களின் வயதைக் கீழே உள்ள ஒப்பீடு காட்டும். எல்லாம் பி.பி.எம். கணக்கில், முதலில் எட்டு மணி நேரச் சராசரி, பிறகு 15 நிமிட வரம்பு.

ஃபார்மால்டிஹைடு: இந்தியா (1987) 1, 2. அமெரிக்க நிபுணர் பட்டியல் (2017) 0.1, 0.3. ஐரோப்பா 0.3, 0.6.

குளோரின்: இந்தியா 1, 3. அமெரிக்கப் பட்டியல் (2018) 0.1, 0.4. ஐரோப்பா 15 நிமிடத்துக்கு 0.5.

சல்ஃபர் டையாக்சைடு: இந்தியா 2, 5. அமெரிக்கப் பட்டியல் 15 நிமிடத்துக்கு 0.25 மட்டும். ஐரோப்பா 0.5, 1.

கந்தக அமில ஆவி: இந்தியா ஒரு கன மீட்டருக்கு 1 மில்லிகிராம். அமெரிக்கப் பட்டியல் 0.2. ஐரோப்பா 0.05.

பட்டியலில் உள்ளவை எங்கோ தூரத்துப் பொருட்கள் இல்லை. குளோரின் என்றால் குடிநீர் நிலையம், சலவைப் பட்டறை, பால் ஆலையின் கழுவுமிடம். சல்ஃபர் டையாக்சைடு என்றால் வெள்ளைச் சர்க்கரைக்காகக் கந்தகத்தை எரித்து அந்தப் புகையைச் சாற்றில் செலுத்தும் சர்க்கரை ஆலை. கந்தக அமில ஆவி என்றால் பேட்டரித் தொழில். திருப்பதிக்குப் பக்கத்தில் கரகம்பாடியிலேயே பெரிய பேட்டரி ஆலை இருக்கிறது. அமோனியா என்றால் சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் பால் குளிரூட்டும் நிலையங்களும் ஐஸ் ஃபேக்டரிகளும் கோல்டு ஸ்டோரேஜ்களும்.

இதில் இந்தியா தனியாகவும் இல்லை. அமெரிக்காவின் நிபுணர் சங்கம் எண்களை மாற்றிக்கொண்டே வந்தாலும் அமெரிக்க அரசின் சட்டம் பெரும்பாலும் 1968ம் ஆண்டுப் பட்டியலிலேயே நிற்கிறது. அதில் அமோனியாவுக்கு 50 பி.பி.எம்.! 1989ல் நூற்றுக்கணக்கான எண்களை ஒரே மூச்சில் புதுப்பிக்க முயன்றார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் காரணம் காட்டவில்லை என்று 1992ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. எண்ணைச் சட்டத்தின் உடம்பிலேயே பச்சை குத்தினால் அழிப்பது எவ்வளவு சிரமம் என்பதற்கு அது பாடம்.

இனி மாநிலங்களின் முறை

இந்தியாவில் அந்தப் பச்சை இப்போது அழிகிறது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்றான பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச் சூழல் தொகுப்பு, 1948ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தைப் பிடிக்கிறது. பழைய சட்டத்தின் 41எஃப் பிரிவு, இரண்டாவது அட்டவணையின் எண்களையே வரம்பு என்றது. புதிய தொகுப்பின் 88வது பிரிவு, ரசாயனங்களுக்கான வரம்பை மாநில அரசு விதித்துக்கொள்ளட்டும் என்கிறது. இடைக்காலத்தில் பழைய விதிகள் தொடரும் என்று மத்திய அரசு கூறியிருக்கிறது.

இதில் வாய்ப்பும் இருக்கிறது, அபாயமும் இருக்கிறது. நாடாளுமன்றத்துக்குப் போகாமலே ஒரு மாநிலம் ஃபார்மால்டிஹைடின் 1ஐ 0.3 ஆக்கலாம் என்பது வாய்ப்பு. மாநிலத்துக்கு மாநிலம் எண் மாறலாம் என்பது அபாயம். 1911 வரை சந்திரகிரி வட ஆற்காடு மாவட்டத்தின் ஒரு தாலுகா. வேலூரும் அதுவும் ஒரே கலெக்டரின் கீழ். இன்று சந்திரகிரி திருப்பதி மாவட்டத்தில், வேலூர் தமிழ்நாட்டில். சித்தூருக்கும் வேலூருக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. மூலதனத்துக்கு வலை வீசும் இரு மாநிலங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் ஒரு எண் என்று வந்தால், போட்டி எந்தத் திசையில் போகும் என்று யூகிக்க நிபுணர் வேண்டாம்.

இன்னொரு ஓட்டையும் விழுந்திருக்கிறது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றது பழைய சட்டம். புதியது 20 பேர் வேண்டும் என்கிறது. பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து ஓடும் ஐஸ் ஃபேக்டரியும் சிறு குளிர்பதன நிலையமும் எந்தப் பக்கம் விழும்? அமோனியா ஆட்களை எண்ணிப் பார்த்துக் கசிவதில்லை.

ஆலை அதிபர்களின் கவலையையும் ஒதுக்க முடியாது. அமோனியா மலிவானது, திறமையான குளிரூட்டி. ஓசோன் படலத்தைக் கெடுக்காது, பூமியைச் சூடாக்காது. எட்ட முடியாத எண்ணை எழுதிவைத்தால் ஒன்று ஃப்ரியான் வகை வாயுக்களுக்கு ஓடுவார்கள், அல்லது பதிவேட்டில் பொய் எழுதுவார்கள். ஆனால் உச்சங்களை வெட்டுவதற்குப் பெரிய விஞ்ஞானம் தேவையில்லை. எண்ணெய் வடிக்கும் இடத்தில் கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வு, எஞ்சின் அறைக்குத் தனி காற்றுப்போக்கி, பேக்கிங் ஹாலுக்கும் எஞ்சின் அறைக்கும் நடுவே காற்று புகாத சுவர், 25 பி.பி.எம்.மில் அலறும் உணர்கருவி. அதற்கும் வசதியில்லை என்றால் கைப்பம்பும், வாயு பட்டால் நிறம் மாறும் கண்ணாடிக் குழாயும் போதும். அளவு சில நிமிடங்களில் கண்ணுக்குத் தெரியும்.

எனவே ஆந்திராவும் தமிழ்நாடும் தங்கள் விதிகளை எழுதும்போது மூன்று காரியம் செய்யலாம். கண்ணையும் மூக்கையும் தாக்கும் வாயுக்களுக்கு 15 நிமிட வரம்பையோ உச்சவரம்பையோ முதலில் வைக்கலாம், சராசரி அடுத்தபடி. எண்களுக்குக் காலாவதித் தேதி போட்டு, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை காரணத்தோடு புதுப்பிக்கலாம். மூன்றாவது காரியத்துக்குச் செலவே இல்லை. அளந்த எண்ணை, எல்லை எண்ணுக்குப் பக்கத்திலேயே, தமிழிலும் தெலுங்கிலும், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் இருந்தால் ஒடியாவிலும், பேக்கிங் ஹால் சுவரில் எழுதிவைக்கலாம்.

கரும்பலகையும் சாக்பீஸும் போதும். கண் எரிகிறது என்று சொல்லும் பெண்ணிடம் எல்லாம் மனசு என்று பதில் சொல்வது அதன் பிறகு அவ்வளவு சுலபமாக இருக்காது.